காலையில் மேல்மாடி, மதியம் பதினேழு

விளக்கு சிவப்பானதும், முந்தின நாள் எங்கே விட்டாரோ அங்கிருந்து தொடங்குகிறார். "அந்தம்மா பெட்டியத் தூக்கிட்டு எறங்கினாங்களா, எறங்கினதும்..." பச்சை விழுகிறது. வாய் மூடிக்கொள்கிறது. அந்தம்மா இறங்கி என்ன செய்தார் என்பது அடுத்த சிவப்பில்தான் தெரியும். வழியில் எல்லா விளக்கும் பச்சையாக அமைந்துவிட்டால், மறுநாள் மதியம் மூன்று இருபதுக்குத்தான்.

இது பதினேழாம் நம்பர் பஸ். அவர் இருக்கைக்குப் பின்னால் உள்ள தடுப்பில், ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அதை அவர் தமக்குத் தோதாகத் திருத்திக்கொண்டுவிட்டார். வண்டி ஓடினால் பேசக் கூடாது, நின்றால் பேசலாம். ஒன்பது வருடமாக இந்தத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகிறேன். சக்கரம் சுழலும்போது அவர் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அதனால் அவர் சொல்லும் எந்தக் கதையும் இரண்டு நாளைக்குக் குறையாமல் ஓடும்.

இங்கே உள்ள நம் ஆட்கள் அவரைப் 'பதினேழு அண்ணன்' என்பார்கள். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நாற்பத்தாறு வயது, அளவாக வெட்டிய மீசை, முதுகுக்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு துண்டு. வண்டியை எடுப்பதற்கு முன் உள்கண்ணாடியில் பார்ப்பார். வயதானவர்கள் உட்காராமல் பஸ் நகராது. "உக்காந்தாச்சா?" என்று தமிழில் முனகுவார். கேட்கப்பட்டவர்களுக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் தலையசைப்பார்கள்.

இதே மனிதர் காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை வேறொரு பஸ் ஓட்டுகிறார். கூரையில்லாத மாடி பஸ். சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஊரை வலம் வருவது. அதற்குச் சிவப்புக் கோட்டு, கழுத்தில் ஒரு மைக். பன்னிரண்டு மணிக்கு டெப்போவில் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாப்பிட்டு, சாம்பல் நிறச் சட்டையோடு பதினேழில் ஏறுவார். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பஸ்ஸும் பாதித் தூரம் ஒரே தெருவில்தான் போகின்றன. அதே பாலம், அதே சந்தை, அதே மணிக்கூண்டு. காலையில் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். மதியம் எல்லாரும் குனிந்து கைப்பேசியைப் பார்க்கிறார்கள்.

பாலத்தைத் தாண்டியதும் நீல பால்கனி வைத்த ஒரு வீடு வரும். மாடி பஸ்காரர்கள் அதைப் படமெடுக்காமல் விடமாட்டார்கள். இப்படி ஒரு வீட்டில் இருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்களாம். அந்த வீட்டில் எட்டு மாதமாக லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பது அவருக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் இருக்கும் கிழவி கைத்தடியோடு படியிறங்கி வர நேரமாகும் என்பதால், மதியம் அந்த ஸ்டாப்பில் பத்து விநாடி கூடுதலாக நிறுத்துகிறார். இதைக் காலையில் மைக்கில் சொல்வதுண்டா என்று கேட்டேன். "அவங்க நாலு நாளைக்கு வந்திருக்காங்க தங்கச்சி. லிஃப்ட்ட பத்தி அவங்களுக்கு எதுக்கு?" என்றார்.

ஒருநாள் இரண்டு பஸ்ஸும் அவர் தலைக்குள் கலந்துவிட்டன, இது அவரே சொன்னது. சாயங்காலம் ஐந்து மணி, நிற்க இடமில்லாத கூட்டம். மணிக்கூண்டுக்கு எதிரே, ஸ்டாப்பே இல்லாத இடத்தில், பதினேழை ஓரங்கட்டி நிறுத்தினார். காலையில் அங்கே நாற்பது விநாடி நிற்பது வழக்கம். நின்றார். நாற்பது விநாடி ஆனதும் திரும்பி, எல்லாரும் படம் எடுத்தாகிவிட்டதா என்று இந்த ஊர்மொழியில் கணீரென்று கேட்டார். ஒன்றிரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். சட்டையெல்லாம் சிமென்ட் தூசியோடு நின்ற ஓர் ஆள் மட்டும் குனிந்து ஜன்னல் வழியே மேலே பார்த்து, உச்சியில் இரும்புப் பறவை ஒன்று இருக்கிறதே, அது எப்போது வைத்தது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அது நூறு வருடமாக அங்கேதான் இருக்கிறது. மறுநாள் டெப்போவுக்கு ஒரு புகார் போனது. எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். 'காலை என்று நினைத்துவிட்டேன்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தார்.

நானும் ஒன்றும் சளைத்தவள் இல்லை. இந்த ஊருக்கு வந்த பதினோராம் நாள் ஒரு பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை எழுதினேன். அதில் 'இந்நாட்டு மக்களுக்குக் கோபம் என்பதே தெரியாது' என்று ஒரு வாக்கியம். அந்தப் பத்திரிகை எப்படியோ அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து, ஸ்டாப்பில் யாராவது டிக்கெட் மெஷினை எட்டி உதைத்தால், உள்கண்ணாடியில் என்னைப் பார்த்து, "கோபம்னா என்னன்னே தெரியாது இவங்களுக்கு" என்பார். ஒன்பது வருடமாகச் சலிக்காமல் சொல்கிறார். இப்போது யாராவது அந்தக் கட்டுரையைத் திருப்பி எழுதச் சொன்னால் முதல் வரியிலேயே நின்றுவிடுவேன்.

போன கோடையின் கடைசியில் அவருடைய தம்பி வந்தார். முப்பத்தெட்டு வயது, டீசல் மெக்கானிக். மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் ஊரில் விட்டுவிட்டுப் பத்து நாள் விசாவில் வந்திருந்தார். அண்ணன் சும்மா டெப்போவைக் காட்ட அழைத்துப் போன இடத்தில், தம்பி ஒரு பஸ்ஸின் இன்ஜின் ஓசையைக் காது கொடுத்துக் கேட்டு, கோளாறு எங்கே என்று சொல்லியிருக்கிறார். பிரித்துப் பார்த்தால் அங்கேதான் இருந்தது. ஒர்க்ஷாப் அதிகாரி அன்றே வேலை தருவதாகக் கடிதம் கொடுத்துவிட்டார். ஒரு மாதத்துக்குள் பதில் சொன்னால் குடும்பத்தோடு வந்துவிடலாம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படி.

பதினேழு அண்ணனுக்கு அந்த வாரம் சிவப்பு விளக்குகள் போதவில்லை. பதினாறு வருடமாக இந்த ஊரில் அவரும் மனைவியும் ஒரே மகனும்தான். சித்தப்பா என்று கூப்பிட அந்தப் பையனுக்கு ஆளில்லை. தெருக்கோடியில் ஒரு வீடு காலியாகிறது, அதை விசாரித்தாகிவிட்டது, தம்பி பெண்களுக்குப் பள்ளிக்கூடம் விசாரித்தாகிவிட்டது. மாடி பஸ்ஸின் முதல் வரிசையில் தம்பிக்கு நாலு நாள் இலவசச் சவாரி. வானம் வெளுப்பாக, காற்று இதமாக, ஊர் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த மாதம் அது.

ஐந்தாம் நாள் தம்பி அண்ணனிடம் சொன்னாராம்: "ஒரு சத்தம் இல்ல, பக்கத்து வீட்டுல சண்டை இல்ல, யாரும் யார் விஷயத்துலயும் தலையிடறதில்ல. மனுஷன்னா இப்படில்ல இருக்கணும்."

இதைச் சந்தை விளக்கில் என்னிடம் சொன்னவர் சிரிக்கவில்லை. அடுத்த விளக்கில்தான் மீதியைச் சொன்னார். "இந்த அமைதிய மொத வருஷம் என்னால தாங்க முடியல தங்கச்சி. குக்கர் விசில் சத்தமாவது கேக்கட்டும்னு ஒரே நாள்ல ரெண்டு தடவ சோறு வெச்சிருக்கேன்." தம்பி பிறந்ததிலிருந்து கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர். நாலு வீட்டுக்குக் கேட்கப் பேசுகிறவர்.

அவர் மனைவி மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கணவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "நாலு நல்ல இடத்த காட்டி அனுப்புங்க. மிச்சத்த வந்து தெரிஞ்சுக்கட்டும். நமக்கு யாராவது சொல்லியா அனுப்பினாங்க?"

"அதனாலதான் சொல்லணும்" என்றாராம் இவர்.

ஏழாம் நாள் தம்பியைப் பதினேழில் ஏற்றினார். என் இடத்தில் தம்பி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழு ஷிப்ட், நாலு போக்கு, நாலு வரத்து. இரண்டாவது சுற்றில் தம்பி தூங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. மூன்றாவது சுற்றில் ஜன்னலோரம் ஒரு பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்திருக்கிறாள். மூன்று ஸ்டாப் வரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தம்பிக்கு அது பொறுக்கவில்லை. எதிரே இருந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமலே அவளுக்காக மணியை அழுத்தினார், அவள் மறந்து எழுந்த பையை எடுத்து நீட்டினார், மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதை அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். தம்பி பார்த்தது யாரும் கேட்காததை மட்டும்.

எட்டாம் நாள் விடியற்காலையில், இந்த நாட்டில் தங்குவதற்கான கார்டைப் புதுப்பிக்கும் ஆபீஸ். பதினாறு வருடம் ஆகியும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். அந்த மாதம் அவருடைய முறை. தம்பியையும் வரிசையில் நிறுத்திக்கொண்டார். கட்டுக் காகிதம், நாலு மணி நேரம், கடைசியில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்வி: எவ்வளவு நாள் தங்க உத்தேசம்? இதே கேள்வியை விமான நிலையத்தில் தம்பியிடமும் கேட்டிருந்தார்கள். பத்து நாள் என்று அவர் சொன்னதும், சிரித்த முகத்தோடு ஒரே நிமிடத்தில் முத்திரை குத்தி, நன்றாகச் சுற்றிப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். இங்கே மகன் பிறந்து மீசை முளைக்கிற வயதுக்கு வந்துவிட்டான், அப்பா இன்னும் அதே கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கசப்பை மட்டும் காட்டினார் என்று யாரும் நினைக்க வேண்டாம். தம்பியிடம் அவர் ஆசையாகச் சொன்ன கதை ஒன்று உண்டு. ஒரு வருடம் அவருக்குக் கால் முறிந்துவிட்டது. மூன்று வருடமாக முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரர், ஆறு வாரம் திங்கட்கிழமைதோறும் இவர் வீட்டுக் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளி வைத்து, காலியானதும் உள்ளே கொண்டுவந்து வைத்தார். கால் சரியானதும் இவர் நன்றி சொல்லப் போனார். அந்த மனிதர், கண்ணாடிப் பாட்டில் போடுவது செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த நாட்டில் தமக்கு நடந்ததிலேயே பெரிய விஷயம் இதுதான் என்று பதினேழு அண்ணன் எல்லாரிடமும் சொல்வார். எனக்கும் அது புரிய நாலைந்து வருடம் ஆனது. எட்டு நாள் மனிதருக்கு எப்படிப் புரியும்? கதவைச் சாத்தினானா என்று தம்பி திருப்பித் திருப்பிக் கேட்டாராம்.

ஒன்பதாம் நாள் மதியம் தம்பி மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகம் இறுகியிருந்தது. பாலத்து விளக்கு சிவப்பாகி வண்டி நின்றதும், என்னைப் பார்த்து, ஆனால் முன்னால் இருப்பவருக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்: "அண்ணனுக்கு நான் வர்றதுல இஷ்டமில்லக்கா. அத நேரா சொல்லியிருக்கலாம். பஸ்ஸுலயும் க்யூவுலயும் நிறுத்தி சுத்தி வளைச்சு சொல்லணுமா?"

பாலத்து விளக்கு இந்த வழியிலேயே நீளமானது. ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கும். அவர் பேச அத்தனை நேரம் இருந்தது. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தார்.

மறுநாள் தம்பி ஊருக்குப் போய்விட்டார். கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. வீட்டில் அண்ணி பேச்சை நிறுத்திவிட்டார். "உங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்று மகன் மூலமாகத்தான் எல்லாம். கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் பண்ணிவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. நான் அண்ணி கட்சி. அதை மறைக்கவும் இல்லை. பத்து நாள் வந்தவரைப் பத்து நாள் விருந்தாளியாக வைத்து அனுப்பியிருக்கக் கூடாதா, விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பதற்காக நாலாம் நாளிலிருந்து கஷாயமா கொடுப்பது என்று சந்தை விளக்கில் ஒரு பிடி பிடித்தேன்.

அவர் கோபிக்கவில்லை. "மேல்மாடிய மட்டும் பாத்துட்டு வந்தா, பதினேழுல ஏறுற அன்னிக்கு என்னைத் திட்டுவான். திட்டினாக்கூட பரவாயில்ல. திட்டாம மனசுல வெச்சுக்கிட்டான்னா?" என்றார். அதற்குள் பச்சை. மூன்று ஸ்டாப் தள்ளி, நீல பால்கனி வீட்டெதிரே, கிழவிக்காகக் காத்திருந்த அந்தப் பத்து விநாடியில் திரும்பாமலே சொன்னார்: "அவன் வரணும்னு எனக்கு இருக்கற ஆசை அவனுக்குத் தெரியாது. 'நீ சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்'னு என்னைச் சொல்றதுக்கு இந்த ஊர்ல ஒரு ஆள் இல்ல தங்கச்சி." அதற்குப் பிறகு நான் எந்தக் கட்சியிலும் இல்லை.

மூன்று வாரம் ஓடியது. குளிர் ஆரம்பித்தது. பதில் எழுத ஆறு நாள்தான் பாக்கி. பஸ்ஸில் அவர் வேறு கதைகள் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் நான் ஏறி உட்காருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார். முந்தின நாள் தம்பி போன் செய்திருக்கிறார். நலம் விசாரிக்கவில்லை, வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லவில்லை. எடுத்ததும் கேள்வி. சின்னவளுக்கு ஏழு வயது, காற்று பட்டால் காதுவலி வந்துவிடும். அண்ணன் விசாரித்து வைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்பில் நின்று பஸ் பிடிக்க வேண்டும். ஏழாம் நாள் அந்த வழியாகப் போனபோது தம்பி பார்த்து வைத்திருக்கிறார், அங்கே நிழற்கூரை இல்லை, ஒரு கம்பம் மட்டும்தான். "காத்து எந்தப் பக்கத்துலேருந்து அடிக்கும்ணே? கம்பத்துக்கு எந்தப் பக்கம் நின்னா காதுல படாது?"

இதைச் சொல்லும்போது பதினேழு அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும். மாடி பஸ்ஸில் அவரிடம் ஒரு நாளைக்கு இருநூறு கேள்வி கேட்கிறார்கள். மணிக்கூண்டு எத்தனை அடி, பாலம் யார் கட்டியது, நல்ல படம் எங்கே நின்று எடுக்கலாம். இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. தூங்கினார், கோபித்தார், ஆனாலும் தம்பி பார்க்க வேண்டியதைப் பார்த்துத்தான் போயிருக்கிறார்.

என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "பதினாலு வருஷமா அந்த ஸ்டாப்புல நிறுத்தறேன். ஒருநாள்கூட எறங்கி நின்னதில்ல. எனக்கு உள்ள ஹீட்டர் இருக்கு. நாளைக்கு சொல்றேன்னு வெச்சுட்டேன்" என்றார்.

மறுநாள் புதன்கிழமை அவருக்கு விடுமுறை. கடையில் ஆள் வராததால் என்னைக் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். ஏழே முக்கால் பதினேழில் ஏறினேன். வேறொரு பெண் ஓட்டினார். தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்பில் வண்டி திரும்பும்போது, கம்பத்தடியில் ஓர் ஆள் குந்தி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பதினேழு அண்ணன். முழங்காலை மடக்கி, ஏழு வயதுப் பிள்ளையின் உயரத்துக்குத் தம்மைக் குறுக்கிக்கொண்டு, மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்து, இடது காதை ரோட்டுப் பக்கம் காட்டியபடி அசையாமல் இருந்தார். காது மடல் சிவந்துபோயிருந்தது.

கதவு திறந்தது. ஓட்டுநர் பெண் அவரை அடையாளம் கண்டு, ஏறுவார் என்று காத்திருந்தார். அவர் எழவில்லை. கையை மட்டும் தூக்கி, போகச் சொல்லி ஆட்டினார். பிறகு குந்தியபடியே இரண்டடி நகர்ந்து கம்பத்தின் அந்தப் பக்கம் போய், அடுத்த காதைக் காற்றுக்குக் கொடுத்தார்.